படை விலக்க விவாதத்தைப் படிக்கும்போது வழுக்கும் இடங்கள்

2005 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. இராக்கில் அமெரிக்கப் படைகளை நிறுத்தி வைத்திருப்பது உடனடியாக முடிவுக்கு வர வேண்டும் என்பது அதன் சாரம். ஆதரவாக விழுந்தவை 3 வாக்குகள், எதிராக விழுந்தவை 403.

இந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர், போர் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் ஆன பிறகும் அந்தச் சபையில் படை விலக்கத்தை விரும்பியவர்கள் மூன்றே பேர் என்று முடிவுகட்டிவிடுவார். நடந்த கதை வேறு. முந்தைய நாள் ஜான் மூர்த்தா என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர் செய்தியாளர்களைக் கூட்டி, இராக்கிலிருந்து வெளியேறும் நேரம் வந்துவிட்டது என்று அறிவித்திருந்தார். மூர்த்தா போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் வளர்ந்தவர் அல்லர். மரைன் படையில் பணியாற்றியவர், வியட்நாமில் காயம்பட்டவர், 2002இல் இராக் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர். அவர் கேட்டது, நடைமுறையில் முடிகிற அளவுக்கு விரைவாகப் படைகளை வெளியே எடுத்து, அவசரத்துக்கு ஒரு பிரிவை அந்த வட்டாரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. ஆறு மாதம் பிடிக்கும் என்றும் அவரே கணக்குச் சொன்னார். அப்போது சபையில் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சி, அதைத் தன் விருப்பப்படி சுருக்கி, 'உடனடியாக' என்ற சொல்லை உள்ளே வைத்து, தானே ஒரு தீர்மானம் எழுதி மறுநாளே கொண்டுவந்துவிட்டது. ஆதரித்தால் கோழை, எதிர்த்தால் மூர்த்தாவைக் கைவிட்டவர். மூர்த்தாவே எதிர்த்துத்தான் வாக்களித்தார்.

தொலைதூரப் போர் ஒன்றிலிருந்து படைகளை மீட்பது பற்றி அமெரிக்காவின் இரண்டு கட்சிகளும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டையிட்டு வருகின்றன. வியட்நாம், சோமாலியா, இராக், ஆப்கானிஸ்தான் என்று இடம் மாறும். வசனம் அவ்வளவாக மாறாது. அந்தச் சண்டையைத் தமிழில் படிக்கிற நாமும் மொழிபெயர்க்கிற நாமும் திரும்பத் திரும்ப விழும் குழிகள் சில உண்டு. தீர்மானத்தின் வாசகத்தைப் படிக்காமல் வாக்கு எண்ணிக்கையைப் படிப்பது அவற்றில் முதலாவது. அந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன்.

இதே வகையில் இன்னொன்று. 2007 ஜூலையில் செனட் சபை விடிய விடிய நடந்தது. உறுப்பினர்கள் படுத்து எழ மடக்குக் கட்டில்கள் கொண்டுவரப்பட்டன. புகைப்படக்காரர்களுக்கு நல்ல வேட்டை. 120 நாட்களுக்குள் படை விலக்கத்தைத் தொடங்க வேண்டும் என்ற திருத்தத்துக்காக அத்தனை ஆர்ப்பாட்டம். காலையில் கிடைத்தவை 52 வாக்குகள், எதிராக 47. விவாதத்தை முடித்து அடுத்த கட்டத்துக்குப் போக 60 வேண்டும் என்பதால் திருத்தம் அங்கேயே நின்றது. வாக்குப் பட்டியலைப் பார்த்தால், திருத்தத்துக்காக இரவெல்லாம் சபையை நடத்திய ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீடின் பெயர் எதிர்த்தவர்கள் வரிசையில் இருக்கும். தோற்ற பக்கத்தில் வாக்களித்தவருக்கு அதை மறுபடி கொண்டுவரும் உரிமை கிடையாது என்பது சபை விதி. அதற்காகக் கடைசி நேரத்தில் மாறி வாக்களித்தார். விதி தெரியாதவர் கையில் அந்தப் பட்டியல் கிடைத்தால் ரீட் துரோகியாகிவிடுவார்.

எது போர்க் கட்சி, எது சமாதானக் கட்சி?

நம் ஊர்க் கட்டுரைகளில் மிக அதிகமாகக் காணும் பிழை இது. குடியரசுக் கட்சி என்றால் போர்வெறி, ஜனநாயகக் கட்சி என்றால் சமாதானம் என்று ஒரு தலைமுறை எழுதியது. டிரம்ப் வந்த பிறகு அதை அப்படியே தலைகீழாக்கி இன்னொரு தலைமுறை எழுதுகிறது. இரண்டும் தவறு.

2001 செப்டம்பர் 14 அன்று, அல்கொய்தா தாக்குதலுக்குப் பொறுப்பானவர்கள் மீது படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தரும் தீர்மானம் வந்தது. செனட்டில் 98–0, பிரதிநிதிகள் சபையில் 420–1. எதிர்த்த ஒரே ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. அடுத்த ஆண்டு அக்டோபரில் இராக் போருக்கான அனுமதி செனட்டில் 77–23 என்று நிறைவேறியபோது ஆதரித்தவர்களில் 29 பேர் ஜனநாயகக் கட்சியினர். ஜோ பைடன், ஹிலாரி கிளின்டன், ஜான் கெர்ரி மூவரும் அந்த 29இல் அடக்கம்.

இதற்கு முந்தைய பத்தாண்டைப் பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். 1993 அக்டோபரில் மொகாதிஷுவில் நடந்த மோதலில் 18 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர் பில் கிளின்டன். சோமாலியாவிலிருந்து உடனே வெளியேற வேண்டும் என்று செனட்டில் முழங்கியவர் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன். அதே மெக்கெய்ன்தான் 2007இல் இராக்குக்குக் கூடுதல் படை அனுப்பும் திட்டத்தின் முதன்மைக் குரல். அப்போது வெள்ளை மாளிகையில் இருந்தவர் புஷ். 1999இல் கொசோவோ வான்தாக்குதலை ஆதரிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 213–213 என்று சமநிலையில் தோற்றது. எதிர்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியினர். கிளின்டனின் போர் அல்லவா அது! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

ஆகவே ஒரு கட்சியின் நிலைப்பாட்டைக் கணிக்க அதன் கொள்கை அறிக்கையைவிட, அந்த நேரத்தில் அதிபர் எந்தக் கட்சி, தேர்தலுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்ற இரண்டு விவரங்கள் பயன்படும். ஆனால் இதையே சூத்திரமாக்கிக்கொண்டால் அதுவும் பிழையில் முடியும். ஒபாமா ஆப்கானிஸ்தானுக்கு 30,000 வீரர்களைக் கூடுதலாக அனுப்பிய பின், 2010 ஜூலையில் அதற்கான நிதி மசோதா பிரதிநிதிகள் சபையில் 308–114 என்று நிறைவேறியது. எதிர்த்த 114 பேரில் 102 பேர் அவருடைய சொந்தக் கட்சியினர். எதிர்க்கட்சி தோள்கொடுத்திராவிட்டால் ஒபாமா திண்டாடியிருப்பார்.

சூத்திரத்துக்கு அடங்காத தனி மனிதர்களும் உண்டு. வடக்கு கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ், குடியரசுக் கட்சிக்காரர். 2003இல் பிரான்ஸ் இராக் போரை எதிர்த்ததால் கோபமுற்று, நாடாளுமன்றச் சிற்றுண்டியகத்தில் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்' என்ற உருளைக்கிழங்கு வறுவலின் பெயரை 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்ற முன்நின்றவர். இரண்டே ஆண்டுகளில் மனம் மாறி, படை விலக்கத்துக்குக் கால அட்டவணை கேட்கும் தீர்மானத்தில் ஜனநாயகக் கட்சியின் போர் எதிர்ப்பாளர்களோடு கைகோத்தார். இராக் போருக்கு ஆதரவாகத் தான் அளித்த வாக்குக்குப் பரிகாரமாக, இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களில் கையெழுத்திட்டார். பெரிய படைமுகாம் ஒன்று அமைந்த அவருடைய தொகுதி அவரை 2019இல் இறக்கும்வரை கைவிடவில்லை.

தேதியை எழுதியவர் யார்?

இராக்கிலிருந்து கடைசி அமெரிக்கப் படைப்பிரிவு 2011 டிசம்பர் 18 அன்று குவைத் எல்லையைக் கடந்தது. அதிபர் ஒபாமா. 2014 ஜூனில் மோசூல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்ததும், ஒபாமா அவசரப்பட்டு வெளியேறியதால் வந்த வினை என்று எதிர்க்கட்சி குற்றம் சாட்டியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டார் என்கிற தொனி. ஆனால் 2011 டிசம்பர் 31க்குள் எல்லாப் படைகளும் வெளியேற வேண்டும் என்ற கெடுவை எழுதிய ஒப்பந்தம் 2008 நவம்பரில், புஷ் ஆட்சியில் கையெழுத்தானது. அதைக் கொண்டாட பாக்தாத் போனபோதுதான் புஷ் மீது ஒரு செய்தியாளர் செருப்பு வீசினார்.

ஒபாமா தரப்பும் சுத்தமில்லை. ஒரு பகுதிப் படையை இராக்கிலேயே வைத்துக்கொள்ள 2011இல் பேச்சு நடந்தது. அமெரிக்க வீரர்களுக்கு இராக்கியச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைக்காததால் முறிந்தது. 2012 தேர்தலில் 'போரை முடித்தவன் நான்' என்று வாக்குக் கேட்ட அதே ஒபாமா, மோசூல் விழுந்த பிறகு, படைகளைத் திரும்பப் பெற்றது என் முடிவே இல்லை என்கிற பாணியில் பேசினார்.

ஆப்கானிஸ்தானில் இந்தக் கதை நடிகர்களை மாற்றிக்கொண்டு மறுபடி அரங்கேறியது. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில், டிரம்ப் அரசின் தூதர் சல்மே கலில்சாத்தும் தலிபானின் முல்லா அப்துல் கனி பராதரும் கையெழுத்திட்டார்கள். 14 மாதங்களில், அதாவது 2021 மே 1க்குள், அமெரிக்கப் படைகள் முழுவதும் வெளியேற வேண்டும். டிரம்ப் பதவியை விட்டு இறங்கியபோது அங்கே மிச்சமிருந்த வீரர்கள் 2,500 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. ஏப்ரல் 14 அன்று பைடன் கெடுவை செப்டம்பர் 11 வரை தள்ளினார். டிரம்ப் உடனே அறிக்கை விட்டார்: வெளியேறுவது அருமையான காரியம், ஆனால் செப்டம்பர் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஜூன் மாதம் ஒஹையோ கூட்டத்தில், இந்த வேலையைத் தொடங்கியவன் நான், அவர்களால் நிறுத்த முடியவில்லை என்று பெருமைப்பட்டார். ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்ததும் பைடன் பதவி விலக வேண்டும் என்றார். மூன்றுக்கும் இடையில் நான்கு மாதம்தான்.

பைடனோ மறுநாள் தொலைக்காட்சியில் தோன்றி, டிரம்ப் போட்ட ஒப்பந்தம் என் கையைக் கட்டிவிட்டது என்றார். பதவியேற்ற முதல் நாளே பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்துக்கு நாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர் அவர். முன்னவரின் எந்த முடிவை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதை அவரவர் வசதிதான் தீர்மானிக்கிறது போலும். உண்மையில் ஆப்கன் போரில் பைடனுக்கு 2009லேயே நம்பிக்கை இல்லை. துணை அதிபராக இருந்தபோது கூடுதல் படையை எதிர்த்து வாதாடியவர். தோஹா ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவர் வெளியேறியிருப்பார் என்பது என் கணிப்பு.

தோஹாவோடு ஒட்டிய இன்னொரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். '2020 பிப்ரவரிக்குப் பிறகு ஒன்றரை ஆண்டு ஒரு அமெரிக்க வீரர்கூடச் சண்டையில் சாகவில்லை. 2,500 பேரை அப்படியே விட்டுவைத்திருந்தால் செலவில்லாமல் காபூலைக் காப்பாற்றியிருக்கலாம்' என்ற வாதம் இன்றும் கேட்கிறது. முன்பாதி உண்மை. ஆனால் தலிபான் அமெரிக்கர்களைத் தொடாமல் இருந்ததற்குக் காரணமே அவர்கள் போகிறார்கள் என்ற வாக்குறுதிதான். கெடு தாண்டியும் இருப்போம் என்று அறிவித்திருந்தால் அந்த அமைதி நீடித்திருக்காது. அந்த மாதங்களிலும் ஆப்கன் அரசுப் படையினர் நாள்தோறும் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை அந்த எண்ணிக்கையில் யாரும் சேர்க்கவில்லை.

'விலக்கம்' என்ற ஒரே சொல்

படைக்குறைப்பு, போர்ப்பணி முடிவு, முழு விலக்கம் மூன்றையும் தமிழில் ஒரே சொல்லால் எழுதிவிடுகிறோம். 2010 ஆகஸ்ட் 31 அன்று இராக்கில் போர்ப்பணி முடிந்தது என்று ஒபாமா அறிவித்தபோது அங்கே ஏறத்தாழ 50,000 வீரர்கள் இருந்தார்கள். ஆப்கானிஸ்தானில் 2014 இறுதியில் நேட்டோவின் போர்ப்பணி முடிந்தது. பயிற்சி தருவோர், ஆலோசகர்கள் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் மேலும் ஆறு ஆண்டுகள் தங்கினார்கள்.

சீருடை அணியாதவர்களைக் கணக்கில் விடுவது இதைவிட மோசமான பிழை. 2021 தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானில் 2,500 வீரர்கள் இருந்தபோது, பென்டகனுக்காக வேலை செய்த ஒப்பந்தப் பணியாளர்கள் சுமார் 18,000 பேர். ஆப்கன் விமானப்படையின் ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் பழுதுபார்த்து ஓடவைத்தவர்கள் அவர்கள்தான். தோஹா ஒப்பந்தத்தின்படி அவர்களும் வெளியேற வேண்டும். காகிதத்தில் மூன்று லட்சம் பேர் கொண்ட ஆப்கன் படை ஏன் பொசுக்கென்று உடைந்தது என்று கேட்பவர்கள், காகிதத்தில் மட்டும் இருந்த வீரர்களின் கதையோடு இந்த 18,000 பேர் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பணம்

'2007இல் இரண்டு சபைகளிலும் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்ததே, ஏன் போரை நிறுத்தவில்லை?' இந்தக் கேள்வியில் அமெரிக்க நாடாளுமன்றத்தை நம் நாடாளுமன்றம் போலக் கற்பனை செய்துகொள்ளும் பிழை ஒளிந்திருக்கிறது. (காங்கிரஸ் என்றே எழுதலாம், நம் வாசகர்களுக்கு வேறு நினைவு வரும்.) அங்கே பெரும்பான்மை இழந்த அதிபர் வீட்டுக்குப் போவதில்லை, மசோதாவைத் தடுக்கும் மறுப்பாணையோடு (வீட்டோ) உட்கார்ந்திருப்பார். போர் நிதியோடு படை விலக்கக் கால அட்டவணையையும் கட்டி அனுப்பிய மசோதா பிரதிநிதிகள் சபையில் 218–208, செனட்டில் 51–46 என்று நிறைவேறியது. மே 1 அன்று புஷ் அதை மறுத்துத் திருப்பினார். மறுப்பை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைத்தது 222–203. அந்த மாதமே கால அட்டவணையை நீக்கிவிட்டு நிதியைக் கொடுத்தார்கள். செனட்டில் எதிர்த்தவர்கள் 14 பேர். அடுத்த ஆண்டு அதிபர் வேட்பாளர் ஆவதற்காக மோதவிருந்த ஒபாமாவும் ஹிலாரியும் அதில் உண்டு. பைடன் ஆதரித்து வாக்களித்தார்.

நிதியை நிறுத்தினால் களத்தில் நிற்கும் பையனின் துப்பாக்கியில் குண்டு இருக்காது என்ற பயமுறுத்தல்தான் அந்த 14ஐ 14ஆகவே வைத்தது. நடைமுறை அப்படி இல்லை. ஒரு தேதி குறிக்கப்படும். அதற்குப் பிறகு பணத்தைப் போரிடச் செலவழிக்கக் கூடாது. 1973 ஆகஸ்ட் 15 அன்று கம்போடியா மீதான குண்டுவீச்சு இப்படித்தான் நின்றது. சோமாலியாவுக்கு 1994 மார்ச் 31 என்று தேதி குறித்தார்கள். இரண்டு இடத்திலும் யாருடைய துப்பாக்கியும் நடுவழியில் காலியாகவில்லை.

நிதி வழியே எதிர்த்திசையிலும் போகலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2020 ஜூலையில் பிரதிநிதிகள் சபையின் பாதுகாப்புக் குழு, ஆப்கானிஸ்தானில் படையைக் குறைக்க டிரம்ப் பணம் செலவழிப்பதற்கே நிபந்தனை விதித்தது. கொண்டுவந்தவர்கள் ஜனநாயகக் கட்சியின் ஜேசன் குரோவும் குடியரசுக் கட்சியின் லிஸ் செனியும். வாக்குகள் 45–11. போரை நிறுத்தவிடாமல் கட்சிகள் கைகோத்த காட்சி அது.

தளபதி சொல்லிவிட்டார்

2007 செப்டம்பரில் இராக்கில் அமெரிக்கப் படைகளின் தளபதியாக இருந்த டேவிட் பெட்ரேயஸ் நாடாளுமன்றத்தில் சாட்சியம் அளிக்க வந்த நாளில், அவர் பெயரைத் துரோகம் என்ற சொல்லோடு சிலேடையாக இணைத்து ஒரு போர் எதிர்ப்பு அமைப்பு நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. படை விலக்கத்துக்கு 60 வாக்குகள் தேறாத செனட்டில் அந்த விளம்பரத்தைக் கண்டிக்க 72 தேறின. எதிர்ப்பாளர்கள் தங்கள் கையாலேயே போட்டுக்கொண்ட கோல் அது.

தளபதியின் சொல்லை வேதவாக்காக்குவதும் பிழைதான். 2021 செப்டம்பர் விசாரணையில் தளபதிகள் மார்க் மில்லியும் மெக்கென்சியும் 2,500 பேரை வைத்திருக்கலாம் என்றே தாங்கள் கருதியதாகச் சொன்னார்கள். அது ஒரு படை ஆலோசனை. இருபது ஆண்டுப் போர் இன்னும் ஒரு ஆண்டுக்குத் தகுதியானதா என்பதைத் தீர்மானிக்கத்தான் மக்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வெளியேறலாமா என்பது ஒரு கேள்வி, எப்படி வெளியேறினார்கள் என்பது இன்னொன்று. கட்சிப் பேச்சாளர்கள் வேண்டுமென்றே இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடுகிறார்கள். பொதுமக்கள் அப்படிப் போடவில்லை. காபூல் விமான நிலையக் காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த 2021 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது 54 சதவீதம் பேர் வெளியேறியது சரி என்றார்கள். அதே ஆய்வில், அரசு நிலைமையை நன்றாகக் கையாண்டது என்றவர்கள் நான்கில் ஒரு பங்கினர்தான்.

கடைசியாக ஒன்று. இந்த விவாதம் முழுவதும் அமெரிக்காவுக்குள் நடப்பது என்று நினைத்துப் படிப்பது. தோஹாவில் ஆப்கன் அரசுக்கு நாற்காலியே போடவில்லை. ஆனால் அது 5,000 தலிபான் கைதிகள் வரை விடுவிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதியது. 2021 ஆகஸ்ட் 26 அன்று விமான நிலைய வாசலில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த 13 அமெரிக்கப் படையினரை 2024 தேர்தல் மேடைகள் வரை பேசினார்கள்; பேசப்பட வேண்டியவர்கள்தான். அதே இடத்தில் இறந்த ஏறத்தாழ 170 ஆப்கானியர்கள் அந்த மேடைகளில் பெரும்பாலும் வாக்கியத்தின் பின்பாதியில்கூட வரவில்லை.

மூன்று நாள் கழித்து, இன்னொரு தாக்குதலைத் தடுக்கிறோம் என்று ஒரு ட்ரோன் ஏவுகணை வீசப்பட்டது. காபூலில் ஒரு வீட்டு முற்றம், ஒரு வெள்ளை டொயோட்டா கார். இறந்தவர்கள் 10 பேர், அவர்களில் 7 பேர் குழந்தைகள். முதலில் சரியான தாக்குதல் என்றார்கள். செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில், யார் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று பென்டகன் அறிவித்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிகளுக்கும் இடையில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை.